கதவுக்கு அடியில் ஒரு விரல் வெளிச்சம்

மைசூரு, காந்திநகர்
8 ஜூன் 2025

அன்புள்ள லெஸ்லி,

நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

போன மாதம் உனக்கு ஆறு தடவை போன் செய்தேன். ஏழாவது தடவை மதலைமுத்து மாமா எடுத்தார். "போன் அடிச்சாலே பையனுக்குக் கை ஒதறுது நிம்மி. ஆஃப் பண்ணி எங்கிட்டக் குடுத்துட்டான். சொல்லோணும்னா எழுதிப் போடு, படிச்சுக்குவான்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். நாம் பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத வந்தது ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில். பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஏப்ரலில் எடுத்திருக்க வேண்டும். மே என்றாள். இப்போது பிறகு என்கிறாள். மாதம் பத்து நாள் ரத்தம் போகிறது. அப்படியே காலை ஆறு மணி டூட்டிக்கும் போகிறாள், அதே ஆஸ்பத்திரியில், அதே ஆயா வேலைக்கு. ஆகஸ்டைத் தாண்டக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "லெஸ்லி வரட்டும். அவன் மொகத்தப் பாத்துட்டுப் படுத்துக்கறேன்."

நீ அவளோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. என்னோடு பேசி நாலு மாதம்.

பிப்ரவரியில் மேட்டகள்ளி கிடங்கில் நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டும். ஷட்டரை இறக்கியதும் நீ கத்தினாய், ஷட்டரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டாய், சூப்பர்வைசர் விஜய்குமாரைத் தள்ளிவிட்டாய் என்று எனக்குப் போன் வந்தது. நான் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். முப்பது பேர் நின்றிருந்தார்கள். என் வாயில் வந்தது, "நாடகம் போடறான் சார், வேலை செய்ய இவனுக்கு மனசில்லை" என்று. அதைச் சொன்னால் போலீஸுக்குப் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. எனக்குக் கோபமும் இருந்தது. நீ தொலைத்த மூன்றாவது வேலை அது.

இப்போது எனக்கும் வேலை மாறியிருக்கிறது. ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி வளர்க்கும் பகுதியில் இருக்கிறேன். ஒப்பந்தம்தான். நீ கேட்டால் பிறகு எழுதுகிறேன்.

வா. ஒரு வாரம் போதும்.

நிம்மி

•

ஹனூர்
15 ஜூன் 2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. முதல் வரியிலேயே இரண்டு தடவை நலம் என்று எழுதியிருக்கிறாய். யாருமே நலமில்லை என்று சொல்லத்தான் மீதிக் கடிதம். அடுத்த தடவை நேராக விஷயத்துக்கு வா.

நான் வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஒருமுறையாவது காகிதத்தில் இருக்கட்டும். எனக்கு இரண்டரை வயதில் அம்மா என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம். அப்போது நாம் இருந்த பன்னிமண்டபத்து அறையில் ஜன்னல்கூட இல்லை. இதை எனக்குப் பத்து வயதில் சொன்னது பக்கத்து வீட்டு மாரியம்மா. "உங்கம்மா உன்னப் பூட்டிட்டுப் போவா, நாந்தான் பூட்ட ஒடச்சேன்" என்று பெருமையாகச் சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன். "ஆமா" என்றாள். அவ்வளவுதான். அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

எனக்கு எது சொந்த ஞாபகம், எது மாரியம்மா சொல்லிக் கேட்டது என்று தெரியாது. இரண்டு விஷயம் மட்டும் என்னுடையது. கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அப்புறம் அம்மாவின் பழைய சேலை, ஃபினாயில் வாசனையோடு. சேலையைப் போட்டு ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அதை நினைத்தால்தான் அதிகமாக எரிகிறது. அந்த நேரத்தில் அவள் பிரசவ வார்டில் ஊரார் குழந்தைகளைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

கிடங்கில் ஷட்டர் முழுதாக இறங்கவில்லை, தெரியுமா? அடியில் ஒரு விரல் வெளிச்சம் இருந்தது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நெஞ்சு கழன்று வாய்க்கு வந்தது. கை என்னுடையது இல்லை. சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்து நான் சாகவில்லை. என் அக்கா வந்து நாடகம் என்றாள்.

இங்கே பெட்ரோல் பங்கில் இருக்கிறேன். மேலே கூரை, நாலு பக்கமும் வெட்டவெளி. நாற்றம் இருக்கிறது, கதவு இல்லை. மாமா வீட்டில் நடையில் படுத்துக்கொள்கிறேன். மழை வந்தால் கொஞ்சம் நனைகிறேன். பரவாயில்லை.

என்னைப் பூட்டிவைத்தவள் ஆஸ்பத்திரியில் படுக்க என் முகம் எதற்கு?

எலி வளர்க்கிறாயா? எதற்கு, விற்கவா?

லெஸ்லி

•

மைசூரு
29 ஜூன் 2025

லெஸ்லி,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னது தப்பு. நாடகம் இல்லை. இதை எனக்குச் சொல்லித்தந்தது எலிகள்.

விற்பதற்கு இல்லை, ஆய்வுக்கு. மோகனப்ரியா என்று ஒரு மேடம், என்னைவிட இரண்டு வயது சின்னவர், சேலத்துக்காரர். சின்ன வயதில் படும் துன்பம் பெரிதான பிறகு மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கிறார். என் வேலை எளிது. குட்டி பிறந்த இரண்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, தினமும் காலை ஒன்பது மணிக்குத் தாய் எலியிடமிருந்து குட்டிகளை எடுக்க வேண்டும். வேறு அறையில், சூடு குறையாத ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் திருப்பி வைக்க வேண்டும். பசி இல்லை, குளிர் இல்லை, யாரும் அடிப்பதில்லை. தாய் மட்டும் பக்கத்தில் இல்லை. மூன்று மணி நேரம்.

முதல் நாள் குட்டிகள் அமைதியாகத்தான் கிடந்தன. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மேடம் ஒரு கருவியைக் கொண்டுவந்து பெட்டிக்கு மேல் பிடித்தார். திரையில் கோடு கோடாக ஏறியது. நம் காதுக்கு எட்டாத உயரத்தில் அவை கத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் வெளியே போய்க் குழாயைத் திறந்து கை கழுவினேன். இங்கே இருபது வருஷமாக இருக்கிற சீனிவாசன் அண்ணா பார்த்துவிட்டு, "ஏன் நிம்மி, குட்டிக்குப் பேரு வெச்சுட்டியா? வெச்சா கஷ்டா. சும்னே நம்பர் போடு" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னார்.

மேடம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இது. பயம் வந்தால் உடம்பில் ஒரு சுரப்பு ஏறும். ஏறுவது நல்லதுதான், ஓடவும் கத்தவும் அது வேண்டும். ஆபத்து போனதும் 'போதும்' என்று மூளை அதை இறக்க வேண்டும். குழந்தைக்கு அந்தப் 'போதும்' தானாக வராது. யாராவது தூக்கினால்தான் இறங்கும். தூக்க ஆளில்லாமல் திரும்பத் திரும்ப ஏறினால், இறக்குகிற பகுதி மந்தமாகவே வளரும். மனதை நிதானமாக வைக்கும் மற்ற ரசாயனங்களும் வேறு அளவில் அமைந்துவிடும். அப்புறம் இருபது வயதில் ஒரு சின்னச் சத்தத்துக்கும் புலி வந்த அளவுக்கு ஏறும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, எல்லா ஆய்விலும் ஒரே விடை வருவதில்லை என்றும் சொன்னார். "ஆனா ஒண்ணு நிம்மி, அது நடிப்பு கிடையாது" என்றார். நான் உன்னைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவராகச் சொன்னார்.

எலி பெரிதானதும் ஒரு சோதனை இருக்கிறது. கூட்டல் குறி மாதிரி உயரத்தில் ஒரு பலகை. இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டு கைக்குச் சுவர் இல்லை. பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும். பயம் குறைந்த எலி வெளியே போய் எட்டிப்பார்க்கும். என் கையில் வளர்ந்த முதல் கூட்டத்துக்கு இந்த வாரம் சோதனை.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு என்னால் இப்போது பதில் எழுத முடியவில்லை. முடியவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அறுவைசிகிச்சைக்கு இன்னும் தேதி வாங்கவில்லை. போன வாரம் அம்மா வார்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். தலை சுற்றல். நமக்குச் சொல்லவில்லை, இன்னொரு ஆயா சொன்னாள்.

நிம்மி

•

ஹனூர்
6 ஜூலை 2025

அக்கா,

எலியிடம் கேட்டுத்தான் தம்பியை நம்புவாய் என்றால் அப்படியே ஆகட்டும். எலிக்கு என் நன்றியைச் சொல்.

ஆனால் உன் மேடத்திடம் ஒன்று கேள். பயந்த எலி மூடிய பக்கம் ஒண்டுகிறது. நான் திறந்த பக்கம் ஓடுகிறேன். என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

இன்னொன்றும் கேள். எலியிடமிருந்து குட்டியை எடுக்க நீ இருக்கிறாய், உன் பெயர் நோட்டில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து என்னை எடுத்தது யார்? அங்கன்வாடியில் மூன்று வயது முடியாமல் சேர்க்கமாட்டார்கள். அப்பா குடகு எஸ்டேட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு நாள் டூட்டிக்கு வராவிட்டால் கான்டிராக்டர் அடுத்த நாள் வேறு ஆயாவை நிறுத்துவான். நூறு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் அறை கிடையாது. நம் மூளையில் எது எவ்வளவு குறைந்தது என்று அளக்க இவ்வளவு கருவி இருக்கிறதே, இதை அளக்க ஒரு கருவி இல்லையா? கூட்டல் குறி பலகையில் அந்தக் கான்டிராக்டரை ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்.

இப்படி எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சு அடைக்கிறபோது கான்டிராக்டர் ஞாபகம் வருவதில்லை. அவன் முகமே எனக்குத் தெரியாது. அம்மா முகம்தான் வருகிறது.

புதன்கிழமை பங்கில் ஒரு வெள்ளைக் கார். ஒரு பெண் கழிவறைக்குப் போனாள், பின் சீட்டில் குழந்தை. கண்ணாடி முழுதாக ஏற்றியிருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் பைப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது, என் தட்டலில் எழுந்து அழுதது. அந்தப் பெண் வந்து என்னைத் திருடன் என்றாள். மேனேஜர் என்னை ஏசினார். மாமா என் வண்டியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கொள்ளேகால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் நல்ல மனுஷன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். மாத்திரை எழுதியிருக்கிறார், பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகுமாம். வாரம் ஒரு தடவை அங்கே மனநல ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவிடம் பேசவும் வேண்டும். மாமா திரும்பி வரும்போது, "மாத்திர சங்கதி வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்கமாட்டாங்க கண்ணு" என்றார். "பெட்ரோல் பங்குக்காரனுக்கு இப்ப மட்டும் வரிசைல நிக்கறாங்களாக்கும்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் ஆயிற்று.

சரி, அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேள். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் எனக்கு அங்கன்வாடி வயது வந்திருக்கும். உனக்கு அப்போது ஒன்பது வயது. நீ வீட்டில்தானே இருந்தாய் என்று மாரியம்மா சொல்லியிருக்கிறாள். உன்னிடம் என்னை விட்டுப் போகாமல் எதற்குப் பூட்டினாள்? இதற்கு அவள் வாயால் பதில் வந்தால் நான் வருகிறேன். "ஆமா" என்பது பதில் இல்லை.

லெஸ்லி

•

மைசூரு
21 ஜூலை 2025

லெஸ்லி,

உன் கேள்வியைக் கேட்டேன். பூசை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உன் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"எழுதிப் போடு. உங்கம்மாளுக்கு அப்ப அறிவில்லைன்னு எழுதிப் போடு."

"அவன் அதைக் கேக்கலம்மா."

"நிம்மி. உட்டுரு. இருவது வருசம் ஆச்சு. எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

என்னால் விட முடியவில்லை. அதனால் இதை அவளுக்குத் தெரியாமல், தேவராஜ மொஹல்லா தபால் ஆபீஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

உன்னை அம்மா பூட்டவில்லை. நான் பூட்டினேன்.

அம்மா உன்னை என்னிடம்தான் விட்டுப் போனாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, "டிசம்பர்ல அவனுக்கு மூணு வயசு ஆயிரும், அதுவரைக்கும் நீ வூட்டுல இரு கண்ணு" என்றாள். எனக்கு நாலாம் வகுப்பு. நான்தான் வகுப்பில் முதல். ஒரு வாரம் இருந்து பார்த்தேன். இரண்டாவது வாரம், உனக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்தேன். அம்மாவின் பழைய சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து உன்மேல் போட்டேன். நீ அதைப் பிடித்துக்கொண்டால் அழமாட்டாய். கதவைப் பூட்டிவிட்டு ஓடினேன். ஒன்பதே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால்வரை. மதிய மணி அடித்ததும் சாப்பிடாமல் ஓடி வந்துவிடுவேன். அப்புறம் போகமாட்டேன். அம்மா இரண்டரைக்கு வருவாள்.

மூன்று மணி நேரம். நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

திரும்பி வரும்போது சில நாள் நீ தூங்கிக்கொண்டிருப்பாய். சில நாள் கதவுக்கு அடியில் முகத்தை வைத்துப் படுத்திருப்பாய். அழுது முடித்திருப்பாய். நான் உன்னைத் தூக்கி, முகம் கழுவி, பவுடர் போட்டுவிடுவேன். அம்மா வரும்போது நீ சிரித்துக்கொண்டிருப்பாய். செப்டம்பர் வரைக்கும் இப்படி.

ஒரு நாள் நீ கத்தியதில் மாரியம்மா சுத்தியலால் பூட்டை உடைத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். நான் ஓடிவந்தபோது வாசலில் கூட்டம். எல்லாரும் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னையும் என் பள்ளிப் பையையும் பார்த்தாள். ஒரே ஒரு தடவை பார்த்தாள். "நாந்தான் பூட்டிட்டுப் போனேன், இப்ப என்னங்கறீங்க" என்றாள். என்னை அடிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் என் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் கழுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். அந்த வருஷம் நான் பள்ளிக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் மறுபடி நாலாம் வகுப்பு.

நீ பத்து வயதில் அவளிடம் கேட்டாயே, அப்போது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "ஆமா" என்றாள். நான் பேசாமல் உரித்தேன். பிப்ரவரியில் ஷட்டருக்குப் பக்கத்தில் நீ நடுங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் நாடகம் என்றேன். நாடகமாக இருந்தால் அது என்னால் வந்தது இல்லை அல்லவா.

இன்னும் ஒன்று. முதல் கூட்டத்து எலிகளின் சோதனை முடிந்தது. தாயிடமிருந்து பிரித்த எலிகள் ஒண்டவில்லை. பிரிக்காத எலிகளைப் போலவே சுவரில்லாத பக்கம் போய் எட்டிப்பார்த்தன. மேடத்துக்குப் புரியவில்லை. மூன்று நாள் எடையையும் சூட்டையும் நோட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும். குட்டிகளைப் பெட்டிக்கு எடுத்துப்போகும்போது, தினமும், தாய் எலி படுத்த உமியில் ஒரு பிடி எடுத்து அவற்றோடு போட்டேன். புது உமி மட்டும்தான் போட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. கை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடத்திடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏழு மாச வேலை நிம்மி" என்றார். நோட்டை என் பக்கம் தள்ளி, "எந்தெந்த நாள், எவ்வளவு உமி? மறைக்காம எழுது" என்றார். எழுதிக்கொடுத்தேன். தாயின் வாசனை பயத்தைக் கொஞ்சம் இறக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களாம், ஆனால் இந்தக் கூட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். குட்டிகளைத் தொட எனக்கு இனி அனுமதி இல்லை. டிசம்பர்வரை கூண்டு கழுவுகிறேன். அதற்குமேல் தெரியாது.

சேலை உன்னை ஏமாற்றப் போட்டது இல்லை. அது ஒன்றை மட்டும் நம்பு. மற்றதற்கெல்லாம் நீ என்ன சொன்னாலும் சரி.

நிம்மி

•

மைசூரு
3 ஆகஸ்ட் 2025

லெஸ்லி,

பதில் வரவில்லை. வராது என்று நினைத்துத்தான் அனுப்பினேன், இருந்தாலும் தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்கிழமை அம்மாவுக்கு அறுவைசிகிச்சை. முந்தைய நாள் மாலை சேர வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டாள். உன்னிடம் உண்மையை எழுதிவிட்டேன் என்று சொன்னேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அப்புறம், "அவன் உம்மேல கோவமா இருக்கறானா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "இருக்கட்டும். எத்தன நாளைக்குத்தான் நானே வாங்கறது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

இந்தக் கவருக்குள் ஒரு சாவி இருக்கிறது. வீட்டுப் பூட்டுக்கு இரண்டுதான். ஒன்று அம்மாவிடம், இது என்னுடையது. நீ வந்தாலும் வராவிட்டாலும் இது உன்னிடம் இருக்கட்டும். நீ உள்ளே இருக்கும்போது இந்த வீட்டை யாரும் வெளியே பூட்ட முடியாது என்று எழுத நினைத்தேன். கதவில் பதித்த பூட்டை இந்தச் சாவியால் உள்ளேயிருந்தும் திறக்கலாம், ஆனால் யாராவது வெளியே தாழ்ப்பாள் போட்டால் முடியாதுதான். நேற்றே அந்த வெளித் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். இந்த வாரம் கழற்றிவிடுவார்கள்.

நிம்மி

•

ஹனூர்
9 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன். ஒரு நாள் நீ அதைப் படித்தே ஆக வேண்டும்.

இப்போதைக்கு இதை மட்டும் சொல்கிறேன். என் கோபம் நீ பூட்டியதற்காக இல்லை. ஒன்பது வயதுப் பெண்ணிடம் இரண்டரை வயதுப் பையனை ஒப்படைத்து, பள்ளிக்கும் போகாதே என்று சொன்ன இடத்திலேயே எல்லாம் தப்பாகிவிட்டது. அந்தக் கணக்கில் உன் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீ வெங்காயம் உரித்தாய் பார், அப்போது உனக்குப் பதினாறு பதினேழு வயது. அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். பதினாலு வருஷம் நான் தப்பான ஆளை வெறுத்திருக்கிறேன். அதை எந்த மாத்திரை இறக்கும்?

மாமா போனில் அம்மாவோடு பேசினேன். நானே நம்பரை அழுத்தினேன்.

"எதுக்கும்மா பொய் சொன்ன?"

"சின்னப்புள்ளைகள வெச்சுக்கத் தெரியாதவன்னு வாசல்ல நின்னவங்க உங்க ரெண்டு பேரையும் ஆஸ்டல்ல போடச் சொன்னாங்க கண்ணு. அவதான் பூட்டுனான்னு தெரிஞ்சா மொதல்ல அவளக் கொண்டுபோயிருப்பாங்க."

"அப்பறமாவது எங்கிட்டச் சொல்லலாமில்ல?"

"சொல்லி? வூட்டுல இருக்கறது மூணு பேரு. நீ யார்கூடவாவது பேசோணுமில்ல."

அப்புறம் அவளே, "சாப்பிட்டியா" என்றாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

ஆலோசனை சொல்லும் அந்த அம்மாவிடம் (கொள்ளேகாலில், வாரம் ஒரு தடவை) சேலையைப் பற்றிச் சொன்னேன். நெஞ்சு அடைக்கும்போது வெளிச்சத்தை நினைக்காமல் சேலையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். சிரிப்பு வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை மாமா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். தாழ் போடவில்லை. சாத்தினேன். ஃபினாயில் வாசனை அங்கேயே இருந்தது வசதியாகப் போயிற்று.

சாவி வந்தது. நீ உன் சாவியை எனக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதை நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் எழுது என்று உன் மேடமே சொல்லியிருக்கிறாரே.

17ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். வார்டு எத்தனையாவது மாடி? லிஃப்டில் ஏறமாட்டேன். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுது. வீட்டுக் கதவை நீ திறக்க வேண்டாம். நானே திறந்துகொள்கிறேன்.

லெஸ்லி

•

மைசூரு
12 ஆகஸ்ட் 2025

லெஸ்லி,

மூன்றாவது மாடி. மெயின் கேட்டுக்கு உள்ளே போனதும் இடது பக்கம், மருந்துக் கடையைத் தாண்டிப் படிக்கட்டு. நேற்று ஏறிப் பார்த்தேன், அறுபத்தாறு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் இருக்கிறது, கண்ணாடி இல்லை, கம்பிதான். எந்த மாடியிலும் படிக்கட்டுக்குக் கதவு கிடையாது. வார்டுக்கு ஒரு கதவு உண்டு. அதைச் சாத்தாமல் இருக்க அங்கே இருக்கிற ஆயாக்களிடம் அம்மாவே சொல்லிவைத்துவிட்டாள். "எம்பையனுக்குக் காத்து வேணும்" என்றாளாம். அங்கே எல்லாருக்கும் அவள் பேச்சுதான் சட்டம்.

வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் நாலு ஓட்டை இருக்கிறது.

நான் ஐந்தரைக்கு வேலைவிட்டு வருகிறேன். அம்மா அப்போது மாலைப் பூசைக்குப் போயிருப்பாள். அவள் திரும்பும்வரை தினமும் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மழை. எதிர்வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "இன்னொரு சாவி செஞ்சுக்கலாமில்ல நிம்மி, மார்க்கெட்டுல அஞ்சு நிமிஷ வேலை" என்றார். செய்துகொள்கிறேன் என்றேன்.

செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து திற.

நிம்மி